பேசுகிற வயருக்குச் சிவப்பு நூல்

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு...” என்று ஷரீபுன்னிசா கைபேசித் திரையில் ஒரே இடத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஏழு வரை போக வேண்டும். ஆறில் நிறுத்தினால் ஒன்றும் நடக்காது. ஏழாவது தட்டு விழுந்ததும், இனி நீங்கள் ஒரு செயலி உருவாக்குநர் என்று அந்தக் கைபேசி ஒரு வரி காட்டுகிறது. “ஆமா, பெரிய உருவாக்குநரு” என்று அதனிடமே சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். மேசையில் எட்டுக் கைபேசிகள் இருக்கின்றன. எட்டிடமும் இதையேதான் சொன்னார்.

கணினியில் எழுதிய செயலியைக் கைபேசிக்குள் இறக்கிப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கைபேசி இடம் கொடுக்க வேண்டுமாம். இந்த ஏழு தட்டு அதற்குத்தானாம். நான் தென்காசியில் சின்ன அச்சகம் வைத்திருப்பவன். மறுநாள் குற்றாலத்தில் நடக்கவிருந்த செயலி உருவாக்கச் செயல்விளக்கத்துக்குச் சான்றிதழ் அச்சடித்து, கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் பயிற்சி மையத்துக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். என் கடை இயந்திரத்தை இந்தப் பொறுமையில் பாதியோடு நான் தொட்டிருந்தால் அது இத்தனை ரீம் காகிதத்தைத் தின்றிருக்காது.

ஷரீபுன்னிசாவுக்கு நாற்பத்தாறு வயது. கருப்புப் பர்தாவின் கைகளை மணிக்கட்டுக்கு மேல் ஏற்றி, கைக்கொரு ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தியிருப்பார். அந்த ரப்பர் பேண்டுதான் அவசரத்துக்கு வயர் கட்டவும் உதவுகிறது. பதினோரு வருடமாக மையத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறார். பாடம் எடுப்பது வேறு யாரோ. பாடம் எடுக்க வருகிறவருக்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டும், அதுதான் இவர் வேலை. வருகிற பெண்கள் எல்லாரும் “டீச்சர், டீச்சர்” என்பார்கள். “நான் டீச்சர் இல்லம்மா, நான் லேப்பு” என்று ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்வார். அடுத்த நிமிடம் அவர்கள் மறுபடி டீச்சர் என்பார்கள். இவரும் மறுபடி திருத்துவார். விட்டுத் தொலைப்போமே என்று ஒருநாளும் விட்டதில்லை.

அந்த எட்டுக் கைபேசிகளும் கடையில் வாங்கியவை அல்ல. வளைகுடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த மாமா, மச்சான், கொழுந்தன், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்குப் புதுசு வாங்கியதும் வீசிவிட்டுப் போன பழசு. யார் போட்டுவிட்டுப் போனார்களோ அவர்கள் வேலை பார்க்கும் ஊர்தான் கைபேசிக்குப் பெயர். ஷார்ஜா இருக்கிறது, தோஹா இருக்கிறது, ஜித்தா இருக்கிறது. ஜித்தாவில் எதை எங்கே அமுக்கினாலும் அரபியில்தான் பேசும். மாற்றத் தெரியாமல் இல்லை. “அது அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி. எழுத்து வலது பக்கத்துலேர்ந்து வந்தாலும் இந்தப் பிள்ளைக செஞ்ச ஆப்பு ஒழுங்கா ஓடுதான்னு பாக்கணும்லா” என்றார். புதுக் கைபேசி கொண்டுவந்து காட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். “புது போன்ல என்னமும் ஓடும். கீறல் விழுந்த போன்ல ஓடட்டும், அப்பொ ஒத்துக்கிடுதேன்.”

வயர் விஷயத்தில் அவர் இன்னும் கறார். பார்க்க எல்லாம் ஒரே வெள்ளை வயர்தானே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வயரில் இரண்டு சாதி உண்டாம். ஒன்று மின்சாரத்தை மட்டும் கொண்டுபோகும். இன்னொன்று மின்சாரத்தோடு கணினி சொல்கிற செய்தியையும் கொண்டுபோகும். “இது சோறு மட்டும் போடும், பேசாது. இது சோறும் போடும், பேசவும் செய்யும்” என்று இரண்டையும் என் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினார். குற்றாலத்தில் சாரல் காலத்து நெட் வரும், போகும், பிறகு வரவே வராது. ஆகையால் செயலியை வயர் வழியாகத்தான் கைபேசிக்கு அனுப்பியாக வேண்டும். மாற்றி மாட்டினால் கணினி பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருக்கும், கைபேசிக்குக் காதே கேட்காது.

அடையாளத்துக்கு நூல் கட்டுகிறார். பேசுகிற வயருக்குச் சிவப்பு, பேசாத வயருக்குக் கருப்பு. கடையநல்லூரில் தம்பி வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது, அங்கே மிஞ்சுகிற நூல். பழைய கைபேசிகளின் வாய் தேய்ந்து போயிருப்பதால் எல்லா வயரும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. ஷார்ஜாவுக்குப் பிடித்த வயர் தோஹாவில் ஆடும். எனவே ஒன்றாம் கைபேசியின் வயரில் ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு, எட்டாவதற்கு எட்டு. பதினாறு வயர், பதினாறு நூல், எழுபத்திரண்டு முடிச்சு. பசை ஒட்டிய சீட்டு இந்த ஈரத்தில் ஒரு வாரம் தாங்காது, நூல்தான் தாங்கும் என்கிறார். முடிச்சு போடும்போது கண் நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும், விரல் பாட்டுக்கு வேலை செய்யும்.

மேசையில் ஒரு மடிக்கணினி சார்ஜர் மட்டும் நூல் இல்லாமல் கிடந்தது. அதற்கு ஏன் கட்டவில்லை என்றேன்.

“அது நாளைக்குப் பேசப்போற சுஜிதாவோடது. போற சாமானுக்கு நூல் எதுக்கு? இங்கன கெடக்கிற சாமானுக்குத்தான் கட்டுவேன்.”

வீட்டிலும் இதே சட்டம்தானாம். கணவர் தம்மாமில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருதடவை வந்து ஐம்பது நாள் இருப்பார். “வீட்ல இருக்க சார்ஜருக்கெல்லாம் நூல் கட்டியிருக்கேன். அவுக கொண்டாரதுக்கு மட்டும் கட்டுனதில்ல. பத்தொம்பது வருசமாச்சு.” குரலில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அடுத்த முடிச்சைப் போட்டுவிட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார். “என் மக ஹம்னா வாப்பா மொகத்த ஸ்கிரீன்ல பாத்துதாண்ணாச்சி வளந்தா. ஒருநாள் நேர்ல வந்து நின்னப்பொ, அவுகளுக்குப் பின்னால எட்டிப் பாத்தா.”

இதைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சுஜிதா சுரண்டைப் பெண். சென்னையில் ஒரு கம்பெனியில் செயலி எழுதிக்கொண்டிருந்தவள், பிரசவத்துக்கு வந்து மூன்று வருடம் ஊரிலேயே இருந்துவிட்டாள். கணவருக்குச் சுரண்டையில் உரக்கடை. கம்பெனி இப்போது திரும்பக் கூப்பிடுகிறது. போனால் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போக வேண்டும். போகாமல் இருக்க ஒரே ஒரு வழி. தென்காசி மையத்தில் செயலி உருவாக்க வகுப்பு தொடங்கினால் நடத்துகிற வேலை அவளுக்கு. குற்றாலச் செயல்விளக்கம் முடிந்ததும் பதினைந்து பெண்களாவது வகுப்பில் சேரப் பெயர் எழுதிக் கொடுத்தால் தொடங்கலாம், ஒன்று குறைந்தாலும் இல்லை என்று மையத்து நிர்வாகி சொல்லிவிட்டார்.

“அந்தப் பிள்ள போகக் கூடாது” என்றார் ஷரீபுன்னிசா, எட்டாவது முடிச்சை இறுக்கியபடி. “நான் வேண்டாத துவா இல்ல.”

செயல்விளக்கத்தைக் குற்றாலத்தில் வைத்ததும் அவர் யோசனைதான். அழைத்திருப்பது சுரண்டையில் தையல் தொழில் பார்க்கும் இருபத்து நான்கு பெண்களை. “தென்காசிக்கு வாங்கன்னா ஆளுக்கொரு சோலி சொல்லுவாளுவ. குத்தாலம்னு சொல்லிப் பாருங்க, வேன்ல எடம் பத்தாது.” மெத்தச் சரி. ஆனால் போன வருடம் வேறொரு பயிற்சிக்கு இதே மாதிரி கூப்பிட்டு, வந்தவர்கள் முதலில் அருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார்கள். ஒரு விரலுக்கும் ஒரு திரையும் மசியவில்லை. ஆகவே இந்த வருடம் அவர் எழுதி வைத்திருந்த சாமான் பட்டியலில் மடிக்கணினி எட்டு, கைபேசி எட்டு, வயர் பதினாறு, புரொஜெக்டர் ஒன்று என்பதற்குக் கீழே துண்டு இருபத்து நான்கு, கடலை மாவு ஒரு டப்பா என்றும் இருந்தது. நிர்வாகி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் குற்றாலத்து மண்டபத்தில் இருந்தோம். நான் எதற்குப் போனேன் என்று வீட்டில் கேட்டார்கள், சான்றிதழ் என்றேன். உண்மையில் அந்தப் பெண்மணி வேலை செய்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் கண்டுவிட்டேன். குரங்கு வராதபடி முதலில் சன்னல்களை அடைத்தார். புரொஜெக்டர் கண்ணாடியை ஊதாமல், பஞ்சால் துடைத்தார். “ஊதுனா அதுவும் சாரல்தான்.” எட்டு மடிக்கணினி, பக்கத்தில் எட்டுக் கைபேசி, சிவப்பு நூல் வயர் ஒரு பக்கம், கருப்பு நூல் வயர் மறுபக்கம். எட்டரைக்கு எல்லாம் முடிந்தது. மூலையில் நின்று தான் பேசப்போவதை முணுமுணுத்துக்கொண்டிருந்த சுஜிதாவையும் இழுத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது மேசைகள் பளிச்சென்று இருந்தன. வயர்கள் எல்லாம் அழகாகச் சுருட்டப்பட்டு ஒரே கூடையில் கிடந்தன. ஒன்றில்கூட நூல் இல்லை. முதல் மேசையில் ஒரு எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் முப்பிடாதியம்மாள் கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். வயது அறுபது இருக்கும். முகத்தில் ஒரு பெரிய காரியம் முடித்த களை.

“டீச்சரம்மா, நீங்க பயப்படாதிய. எல்லாத்தையும் வெட்டிட்டேன்.”

“எத வெட்டுனிய?”

“கயிறத்தான். கருப்பும் செவப்புமா, முடிச்சு முடிச்சா... எண்ணிப் பாத்தேன், ஒண்ணுல எட்டு முடிச்சு. யாரோ இந்தப் பிள்ளைக்கு ஆகாதவன் செய்வினை செஞ்சு வச்சிருக்கான். ஒண்ணு விடாம வெட்டி, ஆத்துல விட்டுட்டேன். திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.”

சுஜிதா “அக்கா” என்றாள். மணி ஒன்பது. ஒன்பதரைக்கு வேன் வந்துவிடும். பத்துக்குத் தொடக்கம்.

ஷரீபுன்னிசா நாற்காலியில் உட்கார்ந்தார். “அல்லாவே” என்றார். முகம் சிவந்து, ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டார். அது மணிக்கட்டில் பட்பட்டென்று அடித்தது. நானாக இருந்தால் அந்தக் கத்தரிக்கோலைப் பிடுங்கி நானும் ஆற்றில் போட்டிருப்பேன்.

“ஏம்மா, தொடதுக்கு முந்தி ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

“கேக்கதுக்கு நீங்க இல்லியே. வேற ஆளத் தொடச் சொன்னா அவன் தொடுவானா? தொட்டவளுக்குத்தான வந்து பிடிக்கும்.” முப்பிடாதியம்மாள் குரல் தாழ்ந்தது. “எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. சரி, நமக்கு வயசாச்சு, வந்தா வரட்டும். இந்தப் பிள்ள பச்சப்பிள்ளைய வச்சிருக்கா, அவ பொழைக்கணும்லா.”

ரப்பர் பேண்டு சத்தம் நின்றது. ஷரீபுன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைப்பைக்குள் கைவிட்டு, மிச்ச நூலை எடுத்து மேசையில் வைத்தார். “அது நான் கட்டுன நூலும்மா. வயர் மாறிப்போகக் கூடாதுன்னு கட்டுனது. உங்கள ஒண்ணும் பிடிக்காது. வாங்க, வந்து இப்படி நூலப் பிடிங்க.”

முப்பிடாதியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். “யாத்தே! பாவி மட்ட, என்ன வேல பாத்துட்டேன்” என்று ஒரு மூச்சு புலம்பிவிட்டு நூலைப் பிடித்தார். சிவப்பை மட்டும்தான் பிடித்தார். கருப்பை என் பக்கம் தள்ளிவிட்டார்.

வேலை ஆரம்பித்தது. ஒரு வயரை எடுத்துக் கணினியில் செருகி, மறுமுனையை ஒன்றாம் கைபேசியில் செருகி, அது வாய் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்தால் பேசுகிற வயர். திறக்காவிட்டால் வயர் பேசாததா, அல்லது இந்தக் கைபேசிக்குத்தான் பொருந்தவில்லையா? அதற்கு அடுத்த கைபேசியில் செருகிப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்தது. ஜித்தா பேசத்தான் செய்தது, என்ன பேசியது என்று ஷரீபுன்னிசாவுக்கு மட்டும் தெரிந்தது. ஒன்பதரைக்கு ஐந்து வயர் தேறியிருந்தது. சுஜிதாவின் அவசரத்தில் ஒரு வயர் இரண்டு தடவை தவறான குவியலில் விழுந்தது. “ஏட்டி, நீ போயி ஒன் பேச்சப் படி. இது என் வேல” என்று அவளை விரட்டினார். நெற்றியில் வியர்வை. சாரல் காற்று அடிக்கிற ஊரில் ஒரு மனுஷி வியர்த்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்போது சுஜிதாவின் கைபேசி அடித்தது. வேனில் வருகிற பெண்களில் ஒருத்தி, சண்முகசுந்தரி. ஒலிபெருக்கியில் அருவிச் சத்தம்தான் முதலில் கேட்டது. “யக்கா, கோவிச்சுக்கிடாத. ஐந்தருவில தண்ணி என்னமா விழுது! ஒரு முங்கு போட்டுட்டு ஓடி வந்திருதோம். வேன விட்டு எல்லாரும் எறங்கிட்டாளுவ, நான் என்ன செய்ய?”

குளியலை விளக்கத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வாரமாக அவர்களிடம் படித்துப் படித்துச் சொன்னவர் ஷரீபுன்னிசா. சுஜிதா வாயைத் திறக்குமுன் கைபேசியை எட்டி வாங்கினார்.

“நல்லாக் குளிங்கம்மா. அவசரமே இல்ல. எண்ண தேச்சுக் குளிங்க. கூட்டமா இருந்தா வரிசையில நின்னு குளிங்க. சின்னப் பிள்ள மாதிரி ஓடி வராதிய, வழுக்கும்.”

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வானத்தைப் பார்த்து ஒரு முறை கையேந்தி முகத்தைத் தடவிக்கொண்டு, ஆறாவது வயரை எடுத்தார்.

பத்தே முக்காலுக்குப் பதினாறாவது வயரில் எட்டாவது முடிச்சு விழுந்தது. பத்து ஐம்பதுக்கு வேன் வந்தது. இருபத்து நான்கு பெண்களும் தலையில் ஈரம் சொட்ட, எண்ணெய் மணக்க, குளிரில் பல் கிட்டச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வாசலில் ஷரீபுன்னிசா கடலை மாவு டப்பாவோடு நின்றார். பக்கத்தில் முப்பிடாதியம்மாள், கையில் வாளியும் தோளில் துண்டுகளுமாக. விரலைக் கழுவி, துடைத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டாமல் ஒருத்தியையும் உள்ளே விடவில்லை. “வாங்க டீச்சர், நீங்களும் குளிச்சிருக்கலாம்லா” என்றாள் சண்முகசுந்தரி. “நான் டீச்சர் இல்லம்மா, லேப்பு. வெரலக் காட்டு.”

சுஜிதா பேச ஆரம்பித்தபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. தையல்காரர்களுக்கான அளவு நோட்டு ஒன்றைக் கைபேசியில் எப்படிச் செய்வது என்று காட்டினாள். வாடிக்கையாளர் பெயர், தோள், இடுப்பு, கை நீளம். ஒரு மடிக்கணினிக்கு மூன்று பெண்கள். சொல்லச் சொல்ல அவர்களே பெட்டிகளை இழுத்து வைத்தார்கள், பெயர் எழுதினார்கள். கடைசியில் எல்லாரையும் ஒரே நேரத்தில் செயலியைக் கைபேசிக்கு அனுப்பும் பொத்தானை அமுக்கச் சொன்னாள். அமுக்கினார்கள்.

ஷரீபுன்னிசா கடைசி வரிசைச் சுவரோடு ஒட்டி நின்றார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

முதலில் தோஹா வெளிச்சம் போட்டது. பிறகு ஷார்ஜா. பிறகு மூன்று சேர்ந்தாற்போல, பின்னாலேயே இரண்டு. எட்டாவதாக ஜித்தா. கீறல் விழுந்த அந்தத் திரையில் ‘சண்முகசுந்தரி தையலகம்’ என்று வலது ஓரத்தில் வந்து நின்றது. சண்முகசுந்தரி கைபேசியை வயரோடு தூக்கி, “ஏ, எம் பேரு! நான் அடிச்சது! வந்துட்டு பாருங்க!” என்று கத்தினாள். ஷரீபுன்னிசா, “வயர இழுக்காத” என்று அதைவிடப் பலமாகக் கத்தினார். மண்டபமே சிரித்தது. எனக்கும் ஏனோ கண் கலங்கிவிட்டது, அச்சகக்காரனுக்கு இதெல்லாம் தேவையா.

வகுப்புக்குப் பெயர் எழுதும் தாள் மேசை மேசையாகப் போனது. முன்வரிசையில் நாலு பேர் எழுதினார்கள். இரண்டாம் வரிசையில் ஒருத்தி, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று பேனாவை அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டாள். அவளும் கடத்தினாள். சுஜிதா அந்தப் பக்கமே பார்க்காமல் பலகையை அழித்துக்கொண்டிருந்தாள், பலகையில் ஒன்றும் இல்லை. சண்முகசுந்தரி எழுதினாள், பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து எழுத வைத்தாள். தாள் நிர்வாகியிடம் வந்தது. அவர் விரல் வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை எண்ணினார். “பதினேழு” என்றார். “ஒண்ணாந்தேதி தொடங்கிருவோம், சுஜிதா.”

சுஜிதா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முப்பிடாதியம்மாள் அவசரமாக எலுமிச்சம்பழத்தை எடுத்து அவளுக்கு ஒருதடவை சுற்றினார். இந்த முறை ஷரீபுன்னிசா நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு சாமான் கட்டும் வேலை நடந்தது. கைபேசி எட்டையும் பேர் சொல்லிப் பேர் சொல்லி இரும்புப் பெட்டியில் அடுக்கினார். சிவப்பு நூல் வயர் ஒரு பக்கம், கருப்பு நூல் வயர் ஒரு பக்கம். சுஜிதா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேசை அடியில் கிடந்த தன் சார்ஜருக்காகக் கை நீட்டினாள். அதற்குள் ஷரீபுன்னிசா குனிந்து அதை எடுத்துவிட்டார்.

“அக்கா, அது என்னோடது.”

“தெரியும்ட்டி. பொறு.”

கருப்பு நூலில் ஒரு சாண் இழுத்து, பல்லால் கடித்து அறுத்து, சார்ஜர் வயரின் கழுத்தில் சுற்றினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு...” என்று வாய்விட்டு எண்ணியபடியே முடிச்சு போட்டார். ஏழில் நிற்கவில்லை. எட்டிலும் நிற்கவில்லை. ஒன்பதாவது முடிச்சை இறுக்கி, சார்ஜரைச் சுருட்டி, மையத்து இரும்புப் பெட்டிக்குள் ஜித்தாவுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார்.